பன்னிரண்டாவது குளிர்காலம்

பிள்ளைகளே, வாங்கிய முதல் குளிர்காலத்தில் எந்த வாகனமும் நன்றாகத்தான் ஓடும். புதிய பற்றரி, புதிய ரயர், துரு ஏறாத அடிப்பாகம், கம்பனியின் உத்தரவாதம் எல்லாம் சேர்ந்து அதைத் தாங்கிக்கொள்ளும். உத்தரவாதமும் முடிந்து, கடனும் கட்டி முடிந்து, பன்னிரண்டாவது குளிர்காலத்தின் ஒரு ஜனவரி விடியலில், வெளியே உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை இருக்கும்போது, திறப்பைத் திருப்பியதும் அது எழும்புமா? பனிக்கும் காட்டுப் பாதைக்கும் ஏற்ற எஸ்யூவி எது என்று நீங்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன்.

இந்த நாட்டுக்கு நான் எண்பதுகளின் பிற்பகுதியில் வந்தேன். தொடக்கத்தில் ரொறன்ரோவில் வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு பெரிய லொறி எடுத்தேன். சட்பரி, சூ செயின்ற் மரி, வாவா, தண்டர் பே, வினிப்பெக் என்று 17ஆம் நெடுஞ்சாலையிலேயே என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி போயிற்று. லொறியின் இருக்கை உயரமானது. அதிலிருந்து பார்ப்பவனுக்குச் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கும் வாகனங்கள் என்ன சாதி என்று தெளிவாகத் தெரியும். சிறிய கார்கள் மட்டும்தான் கிடக்கும் என்று நீங்கள் எண்ணலாம். நான் கண்டவற்றில் கணிசமானவை பெரிய எஸ்யூவிகள். அவற்றுள் பல, நான்கு சில்லும் இழுப்பவை.

முதற்பனி விழுந்த ஒரு நவம்பர் இரவு, பாரிக்கு வடக்கே 400ஆம் நெடுஞ்சாலையில், நம் பிள்ளை ஒருவன் அப்படி நின்றான். வாங்கிச் சில வாரங்களேயான விலையுயர்ந்த வாகனம், மூக்கைப் பள்ளத்தில் குத்திக்கொண்டு கிடந்தது. அவனுக்குக் காயம் இல்லை. இழுவை வண்டி வரும்வரை என் லொறியில் ஏறி இருந்தான். "ஐயா, இது நாலு சில்லும் இழுக்கிற வாகனம். ஏன் வழுக்கினது எண்டு எனக்கு விளங்கேல்லை" என்று அவன் கேட்டபோது குரல் நடுங்கியது. நான் இறங்கிப்போய் அவனுடைய ரயர்களை விளக்கடித்துப் பார்த்தேன். அகலமான, அழகான, கோடைகாலத்து ரயர்கள். குளிரில் விறைத்துப்போய், விரலால் அழுத்தினால் பலகையை அழுத்துவது போல இருந்தன.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். விளம்பரங்கள் அவனுக்கு வாகனம் பனிமலை ஏறுவதைக் காட்டின. அது நிற்பதை யாரும் காட்டவில்லை. நான்கு சில்லுக்கும் இழுவை போனால், நின்ற இடத்திலிருந்து கிளம்புவதும் மேட்டில் ஏறுவதும் இலகுவாகும். ஆனால் பிரேக் எல்லா வாகனத்திலும் நான்கு சில்லுக்கும்தான் இருக்கிறது. மிதித்தபின் வாகனம் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது ரயர் சாலையை எவ்வளவு பற்றுகிறது என்பதையே பொறுத்தது. பாரம் கூடிய வாகனம் நிற்க மறுத்தால் அதன் பாரமே எதிரியாகும். வளைவிலும் இதே கதைதான். பனையில் ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும். நாலு சில்லு இழுவை உங்களை ஏற்றிவிடும், இறக்கிவிடாது. இலகுவாகக் கிளம்பிவிடுகிறவனுக்குச் சாலை வழுக்குகிறது என்ற செய்தியே காலுக்கு வந்து சேர்வதில்லை என்பது இன்னும் கொடியது. முன்சில்லு மட்டும் இழுக்கும் காரில், சந்தியில் கிளம்பும்போதே சில்லு சுழன்று எச்சரித்துவிடும்.

ஆகவே வாகனத்தின் பெயரைப் பேசுமுன் ரயரைப் பேசுவோம். 'ஆல் சீசன்' என்று விற்கப்படும் ரயரின் ரப்பர், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்குகிறது. பனி விழவேண்டும் என்றுகூட இல்லை. வறண்ட சாலையிலேயே அதன் பிடி குறையும். வின்ரர் ரயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் முகத்தில் கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் நிறைய இருக்கும். ரயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் கொண்ட அடையாளத்தைத் தேடுங்கள். அது சோதனையில் தேறியதற்கான அடையாளம். 'எம்', 'எஸ்' என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் என்று தயாரித்தவரே சொல்லிக்கொள்கிறார் என்று பொருள். அதற்கு அத்தகைய சோதனை கிடையாது.

கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டிலேயே இதைச் சட்டமாக்கிவிட்டது. இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் ஒக்ரோபர் 1இலிருந்தே விதி தொடங்குகிறது. நம் ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை; ஆனால் 2016 முதல், வின்ரர் ரயர் போட்டவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு உண்டு. பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை. தொலைபேசியில் ஓர் அழைப்பு போதும், பிள்ளைகளே; கேளுங்கள்.

ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைசெய்த ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். விடியற்காலைக் கடமை. கணவர் ஊரிலேயே காலமாகிவிட, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவரிடம் இருந்தது முன்சில்லு இழுக்கும் பழைய சிறிய கார். அவருடைய அடுக்குமாடி வீட்டின் பல்கனியில், கோடை முழுவதும், நான்கு வின்ரர் ரயர்கள் கறுப்பு இரும்பு றிம்மோடு, கறுப்புப் பைகளில் சுற்றி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பையிலும் வெள்ளைக் காகிதத்தில் 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதி ஒட்டியிருப்பார். நவம்பரில் அவை இறங்கும், ஏப்ரலில் ஏறும். பனி கொட்டிய காலைகளில் கண்ணாடியை மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்படமாட்டார். தும்புத்தடியால் கூரைமேல் இருக்கும் பனியையும் முழுவதும் தள்ளி இறக்குவார், பிரேக் பிடிக்கும்போது அது வழிந்து முன்கண்ணாடியை மூடாதிருக்க. அவர் வேலைக்குப் பிந்தியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் கையில் அளவான பணம் இருந்தால், முதலில் நல்ல நான்கு ரயர் வாங்குங்கள்; மீதிக்கு ஏற்ற வாகனத்தை எடுங்கள். இதை மாற்றிச் செய்பவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ரயர் வாங்கும்போது இன்னுமொன்று. பெரிய றிம்மும் மெல்லிய ரயரும் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். பனிக்கு அது உதவாது. உங்கள் வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய றிம்மை எடுத்து, சுவர் உயர்ந்த, சற்று ஒடுங்கிய ரயரைப் போடுங்கள். ஒடுங்கிய ரயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். குழியில் விழுந்தாலும் றிம் இலகுவில் வளையாது. சேற்றுக்கென்று செய்த பெருங்கட்டை ரயர்கள் காட்டில் வீரம் காட்டும். உறைந்த சாலையில் அவை தடுமாறும், ஏனென்றால் அந்தப் பெரிய கட்டைகளில் நுண்ணிய வெட்டுகள் இல்லை.

இனி இழுவைக்கு வருவோம். எல்லாவற்றையும் 'ஃபோர் வீல்' என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பவை வேறு வேறு. இப்போது விற்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை காரின் உடம்பில் செய்தவை. சாதாரணமாக முன்சில்லே இழுக்கும். அது வழுக்கும்போது கணினி பின்சில்லுக்கும் கொஞ்சம் அனுப்பும். நகரத்துக்கு அது போதும். அடுத்தது எப்போதும் நான்குக்கும் இழுவை போகும் வகை. சுபாரு இதில் பெயர் பெற்றது. அதற்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் பனி ஆள் உயரத்துக்குக் கொட்டும். அங்கே மின்கம்பிகளைப் பராமரித்த தொஹொக்கு மின்சார நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஜீப் வகை வாகனங்களில் குளிரிலும் உலுப்பலிலும் போய்வந்தார்கள். கார் போன்ற வசதியும் ஜீப் போன்ற இழுவையும் உள்ள ஒன்று வேண்டும் என்று அவர்கள் கேட்டதிலிருந்துதான் 1972இல் லியோன் என்ற நான்கு சில்லு இழுக்கும் வண்டி சந்தைக்கு வந்தது. தேவை எங்கே பிறந்தது என்று பார்த்தால் பொருளின் குணம் விளங்கும்.

மூன்றாவது, பழைய முறை: ஏணிபோன்ற இரும்புச் சட்டகத்தின்மேல் உடம்பை ஏற்றியது, கையால் அல்லது பொத்தானால் நான்கு சில்லுக்கு மாற்றுவது, அதற்கும் கீழே 'லோ' கியர் ஒன்று உள்ளது. ரொயோட்டாவின் 4ரன்னர், ஜீப் ராங்ளர் போன்றவை இந்த வழி. இவற்றில் பலவற்றை வறண்ட சாலையில் நான்கு சில்லில் போட்டு ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு தூரம் ஓடவேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் நடுவில் உள்ள பல்சக்கரங்கள் முறுகும். பழைய வாகனம் வாங்கப் போனால், மணல் அல்லது பனி உள்ள இடத்தில் வைத்து நான்கு சில்லுக்கும் 'லோ'வுக்கும் மாற்றிப் பாருங்கள். நகரத்தில் பல ஆண்டு அதைத் தொடாமலே ஓட்டியவர்களின் வாகனங்களில் அந்தப் பகுதி இறுகிப்போய், மாற மறுக்கும்.

உங்களுக்கு எது வேண்டும்? உங்கள் பாதை என்ன என்று கேட்டுத்தான் பதில் சொல்லமுடியும். மார்க்கம் நகரிலிருந்து மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கும், கோடையில் ஒருமுறை அல்கொன்குயினில் கூடாரம் போடுகிறவருக்கும், சுபாரு ஃபொரெஸ்ரரோ ரொயோட்டா ராவ்-4ஓ போதும். ஃபொரெஸ்ரரின் அடிப்பாகம் தரையிலிருந்து 22 சென்ரிமீற்றர் உயரம். உழாத தெருவில் கிடக்கும் பனியைத் தாண்ட அது உதவும். ஆனால் வடக்கே மரம் வெட்டும் பாதைகளில் மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் போகிறவர்கள், ஏரிக்கரைக் குடிலுக்கு ஏப்ரல் சேற்றில் ஏறி இறங்குகிறவர்கள், பாரமான படகு இழுக்கிறவர்கள், சட்டகத்தில் செய்ததை எடுக்க வேண்டும். 'லோ' கியரின் அருமை ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தெரியும். எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கில் கால் வைக்காமல் செங்குத்தான ஈரச் சரிவில் ஊர்ந்து இறங்கலாம். காட்டில் ராங்ளரை மிஞ்ச இன்னொன்று அரிது. ஆனால் பக்கக்காற்று அடிக்கும் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டினால் தோள் வலிக்கும். வாரத்தில் ஐந்து நாள் எங்கே ஓட்டப்போகிறீர்களோ அதற்கு வாங்குங்கள். வருடத்தில் ஐந்து நாள் போகும் இடத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

நீடிப்புக்கு என் மனம் எப்போதும் பழைய, நிரூபித்த இயந்திரத்தின் பக்கமே சாயும். 2010இலிருந்து 2024 வரை விற்ற 4ரன்னரில் அதே 4 லீற்றர், ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஐந்து கியரும்தான் இருந்தன. காலத்துக்குப் பிந்தியது, எரிபொருள் குடிப்பது என்று எழுதினார்கள். குடிப்பது உண்மை. ஆனால் அத்தனை ஆண்டு ஒன்றையே செய்தால் அதன் நோய் என்ன, மருந்து என்ன என்று ஒவ்வொரு மெக்கானிக்கும் அறிவார். உதிரிப்பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். அதே தச்சில் சற்றுச் சொகுசாகச் செய்த லெக்சஸ் ஜிஎக்ஸ் 460 பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் நெடுங்காலத்துக்கு உழைக்கும். ஒரு புதிய எஞ்சின், புதிய கியர்ப்பெட்டி வெளிவரும் முதல் ஆண்டிலேயே ஓடிப்போய் வாங்காதீர்கள். இரண்டு மூன்று குளிர்காலம் மற்றவர்கள் ஓட்டட்டும். பொறுத்திருப்பவனுக்கு நட்டம் இல்லை.

கனடாவின் வாகனத்தைக் கொல்வது ஓட்டம் அன்று, உப்பு. சாலைப் பனியை உருக்கக் கொட்டும் உப்பும் உப்புநீரும் அடிப்பாகத்தின் ஒவ்வொரு மூட்டிலும் புகுந்து உட்காரும். என் சகோதரியின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய எஸ்யூவி பார்த்தான். மெருகு குலையாத வெள்ளை நிறம். உள்ளே தோல் இருக்கை. கேட்ட விலையும் நியாயம். "மாமா, நாளைக்கு வேறை ஆரும் எடுத்திடுவினம்" என்று அவசரப்பட்டான். முதலில் தூக்கிப் பார்ப்போம் என்று எனக்குத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் வாகனத்தை உயர்த்தி, சிறிய சுத்தியலால் சட்டகத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். முன்பகுதியில் மணிபோல் கணீரென்று கேட்டது. பின்சில்லுக்கு மேலே வந்ததும் ஓசை மந்தமாயிற்று. அந்த இடத்தில் புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்துச் சற்று அழுத்தினார். முனை உள்ளே போய்விட்டது. செதில் செதிலாகத் துரு அவர் தோளில் கொட்டியது. என் மருமகன் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மெக்கானிக்குக் கொடுத்தது ஒரு மணிநேரக் கூலி. சட்டகம் முறிந்தால் வாகனமே இல்லை. பழையது வாங்கும் எவரும், விற்கிறவர் உறவினரானாலும், கோயிலில் சந்தித்தவரானாலும், தூக்கிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. சட்டகம், பின் அச்சுக்கு அருகே உள்ள வளைவுகள், பிரேக் எண்ணெய் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் ஆகியவற்றை விளக்கடித்துப் பாருங்கள். ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கும்போது, விற்பவர் அரசின் வாகனத் தகவல் கோவையைத் தரவேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். 2012 அல்லது அதற்குப் பிந்திய மாதிரியாகப் பார்ப்பதும் நல்லது. 2011 செப்ரெம்பர் முதல் செய்யப்பட்ட புதிய கார்கள் எல்லாவற்றிலும், வழுக்கும்போது சில்லைத் தனித்தனியாகப் பிடித்து வாகனத்தை நேர்ப்படுத்தும் கட்டுப்பாட்டைக் கனடா கட்டாயமாக்கியது. என் காலத்தில் வந்த புதுமைகளில் இருக்கைப் பட்டிக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது அதைத்தான்.

வாங்கியபின் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அடிப்பாகத்துக்கு எண்ணெய் அடியுங்கள். சொட்டுகிறது, வாசல் அழுக்காகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சொட்டும் எண்ணெய்தான் மூட்டுக்குள் ஊர்ந்து போகும். குளிர்காலத்தில் சூடான கராஜுக்குள் உப்போடு நிறுத்துவது, வெளியே உறைநிலையில் நிறுத்துவதைவிடத் துருவை விரைவுபடுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். கழுவிவிட்டு உள்ளே விடுங்கள். நான்கு சில்லு இழுவையில் முன், பின், நடுப் பல்சக்கரப் பெட்டிகளுக்கும் எண்ணெய் உண்டு. எஞ்சின் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை மறந்தவர்கள் பலர். எப்போதும் நான்கும் இழுக்கும் வாகனத்தில் ஒரு ரயரை மட்டும் புதிதாகப் போடுவதும் கூடாது. தேய்ந்த ரயரும் புதிய ரயரும் வேறு வேறு வேகத்தில் சுழல, நடுவில் உள்ள இணைப்பு ஓயாமல் வேலைசெய்து சூடேறிக் கெடும்.

மனிற்றோபாவுக்கும் அதற்கு மேற்கேயும் போனால், கார்களின் முகத்திலிருந்து ஒரு மின்கயிறு தொங்குவதைப் பார்ப்பீர்கள். எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் பிளொக் ஹீற்றரின் கயிறு அது. வாகனத் தரிப்பிடங்களில் அதைச் செருகுவதற்கென்றே மின்கம்பங்கள் நிற்கும். ஒன்ராறியோவின் வடக்கில் வாழப்போகிறவர்களும் அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பற்றரி வாங்கும்போது குளிரில் எழுப்பும் வலுவுக்கான எண்ணைப் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே 18 பாகையில், 30 விநாடிக்கு அது தரக்கூடிய மின்னோட்டம் அது. கடைக்காரர் காட்டும் மலிவானதை விட்டு, உங்கள் வாகனம் கேட்பதற்கு மேலே ஒரு படி எடுங்கள். இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 12 பாகையைத் தாண்டினால் சாலை உப்பின் வேலை தளரும். அதனால்தான் வடக்கே மணல் தூவுகிறார்கள். தெற்கில் கறுப்புச் சாலையில் ஓட்டிப் பழகியவர், அங்கே வெள்ளையாக இறுகிய சாலையில் பகல் முழுதும் ஓட்டவேண்டியிருக்கும்.

2014 பெப்ரவரி இறுதியில், பாரிக்கு அருகே அதே 400ஆம் நெடுஞ்சாலையில், ஏரிப்பக்கமிருந்து வீசிய பனிக்காற்றில் எதிரே ஒன்றும் தெரியாமல், ஏறக்குறைய நூறு வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்தன. அந்தக் குவியலில் எல்லா வகையும் இருந்தன. கண் தெரியாத இடத்தில் வாகனத்தின் தரம் பேசாது. வெளியேறும் வழியைப் பிடித்து, ஒரு கோப்பிக் கடையில் இரண்டு மணிநேரம் இருந்துவிட்டுப் போகலாம். போகவேண்டிய இடம் அங்கேயேதான் இருக்கும்.

காத்திருப்பதை எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தது சுப்பீரியர் ஏரிக்கரை. வாவாவுக்கும் வைற் ரிவருக்கும் இடையே குளிர்காலத்தில் பொலிஸார் சாலையை மூடிவிட்டால், சுற்றிப் போக அருகில் வழி கிடையாது. 2016 ஜனவரியில் நிப்பிகனில், திறந்து சில வாரங்களேயான புதிய பாலத்தின் தளம் மேலே எழும்பிவிட்டது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளேயே இணைக்கும் சாலை அந்த ஓரிடத்தில் ஒன்றே ஒன்றுதான், அது அறுந்தது. அதற்கு மாற்றாக இருந்தது அமெரிக்காவுக்குள் புகுந்து சுற்றிவருவதுதான். இத்தகைய நாட்டில் நம்பகமான வாகனம் என்றால், ஓடாமல் நிற்கும் நேரத்திலும் உங்களைக் காப்பது என்று பொருள். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கம்பளி, மண்வெட்டி, ஒரு பை மணல், இழுக்கும் பட்டி, பற்றரிக் கம்பி, ஆழமான தகரப்பேணியில் மெழுகுதிரி, தீப்பெட்டி, தண்ணீர், உலர்ந்த உணவு ஆகியவை பின்பெட்டியில் இருக்கட்டும். பின்பெட்டியைத் தூக்கி மேலதிக ரயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது பல வாகனங்களில் அதற்குப் பதிலாக ஒட்டும் பசையும் காற்றுப்பம்பும்தான் வைக்கிறார்கள். காட்டுப் பாதையில் கல் கிழித்த ரயருக்குப் பசை என்ன செய்யும்?

பனியில் சிக்கிக்கொண்டால் வாகனத்தை விட்டு நடக்காதீர்கள். தேடுகிறவர்களுக்கு மனிதனைவிட வாகனம் இலகுவில் தென்படும். சூட்டுக்காக எஞ்சினை இயக்குமுன், இறங்கிப்போய்ப் புகைக்குழாயின் வாயை மூடியிருக்கும் பனியை மண்வெட்டியால் அகற்றுங்கள். அது மூடியிருந்தால் நச்சுவாயு உள்ளே திரும்பும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்து, பத்து நிமிடம் இயக்கி, நிறுத்தி, மறுபடி பனி மூடியதா என்று பார்த்து இயக்குங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

வாகனம் வந்து சேர்ந்து, ரயரும் மாற்றியபின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. முதற்பனி விழும் வாரத்தில், ஒரு ஞாயிறு அதிகாலை, உரியவரிடம் கேட்டு, வெறுமையான பெரிய தரிப்பிடம் ஒன்றுக்கு அதைக் கொண்டுபோங்கள். சுற்றிலும் கம்பமோ கட்டுக்கல்லோ இல்லாத நடுப்பகுதியில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து பிரேக்கை முழுமையாக மிதியுங்கள். கால் அடியில் மிதி படபடவென்று உதைக்கும். பூட்டாமல் பிடிக்கும் பிரேக் வேலைசெய்கிறது என்று அதற்குப் பொருள். பயந்து காலை எடுக்காதீர்கள். எவ்வளவு தூரம் வழுக்கி நின்றது என்று இறங்கி நடந்து பாருங்கள். பிறகு அதே வேகத்தில் மிதித்தபடியே திருப்பிப் பாருங்கள். மாற்றக்கூடிய வாகனமானால், நான்கு சில்லுக்கும் மாற்றிவிட்டு இரண்டையும் மறுபடி செய்யுங்கள். நிற்கும் தூரம் குறையவில்லை என்பதைக் கண்ணால் காண்பீர்கள். வீட்டில் அதே வாகனத்தைத் தங்கையும் ஓட்டுவாள், அம்மாவும் ஓட்டுவார் என்றால் அவர்களையும் கூட்டிப்போங்கள்; ஒவ்வொருவரும் தாமே மிதித்துப் பழகட்டும்.